அம்மா 80 ❄️ குடும்பம்

வியாழன்

கலா (லண்டன்): அம்மான்ர 80க்கு ஹோல் வேண்டாமாம், அவவே சொல்லிப்போட்டா. பிள்ளையள் ஸ்னோவுக்குப் போவம் எண்டு நிக்குதுகள். பெப்ரவரி ஸ்கூல் லீவு, ஒரு கிழமை. ஆர் ஆர் வாறியள்?

நிரூ (பாரிஸ்): நாங்கள் 5

சுதன் (டோர்ட்முண்ட்): எங்களுக்கு அப்ப லீவு இல்லை

கலா: ஒரு கிழமையும் இல்லையோ?

சுதன்: இந்த மாநிலத்தில பனிக்கால லீவே இல்லை அக்கா. கார்னிவல் திங்கள், பள்ளிக்கூடம் மனம் வைச்சா இன்னொரு நாள்

நிரூ: பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொல்லு

சுதன்: டொக்டர் துண்டு கேப்பினம். இல்லாட்டி அபராதம்

பாலா அத்தான்: பான்ஸ்கோ போவம். மலிவோ மலிவு

தர்ஷி: அது பல்கேரியா மாமா. அல்ப்ஸ் இல்லை

பாலா அத்தான்: உருகினா எல்லாம் தண்ணி தானே

ரவி (சூரிச்): பொறுங்கோ. இடத்துக்கு முதல் ஆக்களை எண்ணுவம். மொத்தம் 24 பேர். நல்லா ஸ்கீ ஓடுறது 6. பழகப்போறது 10, அதில 8 வயசுக்குக் கீழ 5. ஸ்கீயே போடாதது 8. இந்தக் கூட்டத்துக்கு 300 கிமீ பாதை உள்ள இடம் எதுக்கு? பழகிற ஆளுக்கு முதல் மூண்டு நாளும் ஒரு மேஜிக் கார்ப்பெட்டும் (நிண்டபடி மேல ஏத்துற ஓடும் பட்டி) ஒரு சின்ன லிஃப்டும் காணும். கன இடங்களில பழகிற லிஃப்டுக்குத் தனி ரிக்கெற் இருக்கு. முழுப் பாஸ் எடுத்துக் குடுத்தா அது சும்மா சட்டைப் பொக்கற்றுக்குள்ள தான் கிடக்கும். காசு கரையிறது படுக்கையிலயும் சாப்பாட்டிலயும். குசினியோட ஒரு முழு வீடு, அதுக்குப் பக்கத்தில மலை. அப்பிடித் தான் தேட வேணும், மலையைப் பிடிச்சுப்போட்டு வீடு தேடக்கூடாது.

பாலா அத்தான்: மச்சான் வகுப்புத் தொடங்கீட்டார், கொப்பியை எடுங்கோ

நிரூ: அப்ப பிரான்ஸில லெ மெனுயிர்? எங்களுக்கு ஒரே ஓட்டம்

ரவி: உயரம் 1850 மீற்றர், பனிக்குக் குறை வராது. ஆனா அங்க கட்டினது முழுக்கச் சின்ன அப்பார்ட்மென்ட். 6 பேருக்கு எண்டு போட்டிருந்தா 2 பேர் ஹோல் சோபாவில. 24 பேர் எண்டா நாலைஞ்சு வீடு, நாலைஞ்சு குசினி. அம்மான்ர பிறந்தநாளுக்கு லிஃப்டுக்குள்ள நிண்டே கேக் வெட்டுறது?

தர்ஷி: இத்தாலியில லிவின்யோ ப்ளீஸ் அப்பா. 2026 ஒலிம்பிக் ஸ்னோபோர்ட் அங்க தான் நடந்தது

ரவி: இடம் நல்லது. 1816 மீற்றர், வரியில்லாத ஊர், பெற்றோலும் மலிவு, பழகிறவைக்கு ஊருக்குள்ளயே சரிவு இருக்கு. கரைச்சல் பாதை. சுவிஸ் பக்கத்தால போனா முன்ட் லா ஷேரா சுரங்கம், ஒரே தடம், மாறி மாறி விடுவாங்கள். சனிக்கிழமையில இன்ன நேரம் இன்ன பக்கம் எண்டு கணக்கு, பிந்தினா காத்து நிக்க வேணும். நவிகேஷன் ஃபொர்கோலா கணவாயால போகச் சொல்லும், அது பனிக்காலத்தில பூட்டு. வீடு சனி தொட்டு சனி தான் விடுவினம், அப்ப 5 காரும் அந்தச் சுரங்க வாசலில.

கலா: 5 காரோ? நாங்கள் பிளேன்

ரவி: அதுக்குத் தான் நான் சொல்லுறது நவ்டர்ஸ். ஒஸ்ரியா, தீரோல், ரெஷன் கணவாய்க்குக் கிட்ட. ஊர் 1400 மீற்றர், ஓடுற இடம் 2850 வரை. கீழ பச்சையாக் கிடந்தாலும் மேல பனி. மலிவு எண்டு 800 மீற்றர் ஊருகளைப் பிடிக்கிறவை இதில தான் மாட்டுப்படுறது. பெப்ரவரியில மழை பெய்தா, காசு குடுத்துச் சேறு பாக்கிறது தான். கலா, நீங்கள் இன்ஸ்ப்ரூக்கில இறங்கினா கிட்டத்தட்ட ஒண்டரை மணித்தியாலம். சனிக்கிழமையில லண்டனில இருந்து பிளேன் இருக்கு, லீவுக் கிழமையில விலை பாயும், இப்பவே பாருங்கோ. எங்களுக்கு க்ளோஸ்டர்ஸில காரை ரெயினில ஏத்தி, எல்லையில இருக்கிற மார்ட்டினாவால ஏறினா ஒஸ்ரியா விக்னெற்றும் (நெடுஞ்சாலைக் கட்டண ஸ்ரிக்கர்) தேவையில்லை. சுதன், நீ ஃபெர்ன்பாஸ் கணவாயால வரவேணும். சனிக்கிழமை பத்து மணிக்குப் பிறகு வந்தா அங்கேயே பகல் சாப்பாடு. நவிகேஷன் காட்டுற குறுக்கு வழியில இறங்காத, வார இறுதியில தடை, பொலிஸ் திருப்பி விடும்.

சுதன்: நான் வாறனே எண்டு இன்னும் சொல்லேல்லை

பாலா அத்தான்: பிளேனுக்குக் காசு ஆர் போடுறது?

சுதன்: முதல் போன வருஷ ஹோல் கணக்கு முடியட்டும்

கலா: அதை இங்க கதைக்க வேண்டாம்

சுதன்: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

நிரூ: வாசிச்சிட்டன் 😂

அம்மா: *குரல் பதிவு 1:52*

நிரூ: நான் வேலையில. ஆரும் சொல்லுங்கோ

கலா: படி ஏறமாட்டாவாம். கீழ் அறை, பக்கத்தில ரொய்லெற். மாலா மாமியும் வரவேணுமாம்

ரவி: அப்ப 25. சரி. ஸ்கீ ஓடாதவைக்கும் நவ்டர்ஸ் நல்லம் தான். இத்தாலி எல்லை தாண்டி கால் மணித்தியாலத்தில ரெஷன் ஏரி. 1950இல அணை கட்டி ஊரை மூழ்கடிச்ச இடம், கோயில் கோபுரம் மட்டும் தண்ணிக்கு மேல நிக்குது. கரையில நிண்டே அம்மா பாக்கலாம்.

தர்ஷி: நாங்கள் இத்தாலிப் பக்கமும் ஓடலாமா?

ரவி: இரண்டு நாட்டுக்கும் ஒரே பாஸ் இருக்கு. ஆனா எல்லையைத் தாண்டினா இத்தாலிச் சட்டம். ஹெல்மெற் எல்லா வயசுக்கும் கட்டாயம், மற்றவனை இடிச்சா ஈடு குடுக்கிற காப்புறுதியும் கட்டாயம். சுவிஸில, ஜேர்மனியில கனபேரிட்டை ஏற்கெனவே இருக்கும், கடிதத்தைப் போனில படம் எடுத்து வையுங்கோ. லண்டன் ஆக்கள் ஹெல்த் கார்ட்டை நம்ப வேண்டாம், மலையால இறக்கிற காசு, ஹெலி காசு அதுக்குள்ள வராது. ஸ்கீ எண்டு எழுதின பயணக் காப்புறுதி வேணும்.

வெள்ளி

நிரூ: பைபிள் முழுக்க வாசிச்சன். சாப்பாடு?

கலா: நான் ஆட்டிறைச்சிக் கறி செய்து ஃபிரீஸ் பண்ணி

ரவி: விடமாட்டாங்கள். பிரித்தானியாவில இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள இறைச்சி, பால் சாமான் கொண்டு போக ஏலாது. கருவாடு பரவாயில்லை. இறைச்சி நாங்கள் சூரிச்சில இருந்து கொண்டு வாறம், எங்களுக்குத் தடை இல்லை.

பாலா அத்தான்: கருவாடு பொரிச்சா தீ அலாரம் அடிக்கும், ஒஸ்ரியாக்காரன் ஊரையே காலி பண்ணுவான்

ரவி: பகிடி இல்லை, வெளிக்கதவுப் பக்கம் வைச்சுப் பொரிக்க வேணும். இன்னொண்டு. அந்த உயரத்தில தண்ணி 95 பாகைக்கே கொதிச்சிடும். பருப்பும் கடலையும் சட்டியில அவியக் கன நேரம் எடுக்கும், பிரஷர் குக்கர் தேவை. வீட்டில இண்டக்ஷன் அடுப்பு எண்டா அலுமினியக் குக்கர் சூடாகாது, காந்தம் ஒட்டுற அடி வேணும். வீட்டுக்காரரிட்டை அடுப்பையும் கேளுங்கோ, கடைசித் துப்பரவுக் காசு, விரிப்பு, துவாய், ஆளுக்கு ஒரு இரவுக்கு ஊர்வரி, இதெல்லாம் விலைக்குள்ளயோ வெளியிலயோ எண்டும் கேளுங்கோ. 25 பேருக்கு விரிப்பும் துவாயும் மட்டுமே நல்ல தொகை.

சுதன்: குக்கர் என்னட்டை 10 லீற்றர் இருக்கு

கலா: அப்ப வாறியோ?

சுதன்: குக்கர் இருக்கு எண்டு தான் சொன்னன்

ரவி: ஸ்கீ வாடகைக்கு எல்லாரும் உயரம், நிறை, வயசு, பாதம் எத்தனை சென்ரிமீற்றர் எண்டு இதில போடுங்கோ. சப்பாத்து அளவு சென்ரிமீற்றரில தான். சுவரில குதியை முட்டி வைச்சு அளவுங்கோ. முதல் நான் போடுறன்: 172, 84, 58, 27.

பாலா அத்தான்: 169, 91, 60, 27. கலா அருகில இல்லை

கலா: உதைக் குழுவில போட ஏலாது. தனிய அனுப்புறன்

நிரூ: நானும்

தர்ஷி: நிரூ மாமி 60 எண்டு எனக்கு அனுப்பியிருக்கிறா 🙈

ரவி: பகிடியா எடுக்காதேங்கோ. அந்த நிறையை வைச்சுத் தான் பைண்டிங் (சப்பாத்தை ஸ்கீயோட பூட்டுறது) இறுக்கிறது. குறைச்சுச் சொன்னா சும்மா திரும்பேக்கையே கழண்டு விழும். கூட்டிச் சொன்னா விழேக்கை கழராது, முழங்கால் போகும். சொக்ஸ் ஒரே ஒரு சோடி, மெல்லிசு, முழங்கால் வரை. குளிர் எண்டு இரண்டு போட்டா மடிஞ்சு அழுத்தி, இரத்தம் ஓடாமல் இன்னும் விறைக்கும். பிள்ளையளுக்குக் கையுறை இரண்டு சோடி, பத்து மணிக்கே ஒண்டு நனைஞ்சிடும்.

நிரூ: சரி சரி. 67

பாலா அத்தான்: ஏலம் தொடங்கீட்டுது

ரவி: ஸ்கீ பள்ளிக்கூடமும் இப்பவே பதிய வேணும். லீவுக் கிழமையில ஒரு வாத்தியாருக்குப் பத்துப் பிள்ளை நிப்பினம். எங்கட 5 சின்னன்களுக்கும் ஒரு தனி வாத்தியார் பிடிச்சா விலை எவ்வளவு வித்தியாசம் எண்டு கேட்டுப் பாக்கிறன். என்ன பாஷை வேணும்?

நிரூ: பிரெஞ்சு

கலா: இங்கிலிஸ்

சுதன்: ஜேர்மன். வந்தா

தர்ஷி: நான் பழக்குறன், எனக்குக் காசைத் தாங்கோ

ரவி: இரண்டு வீடு பாத்து வைச்சிருக்கிறன். ஒண்டு 26 படுக்கை, ஒரே கட்டடம், மாடிப்படி கனக்க. மற்றது இரண்டு வீடு, பக்கத்துப் பக்கத்தில, கீழ் அறை இருக்கு, ஆனா சாப்பாட்டு மேசை 14 பேருக்குத் தான். புதன் வரை பிடிச்சு வைப்பினம். முற்காசு 30 வீதம்.

கலா: அம்மாவுக்குக் கீழ் அறை தான் முக்கியம்

நிரூ: ஒரே கட்டடம் தான் முக்கியம்

பாலா அத்தான்: 30 வீதம் ஆர்?

அம்மா: *குரல் பதிவு 0:20*

கலா: மாலா மாமி வரேல்லையாம், அவவின்ர தங்கச்சி குடும்பம் வருமாம். 4 பேர்

ரவி: என்னது??

சுதன்: கார்னிவல் கிழமைக்கு மாத்தினா நான் இரண்டு நாள் வருவன்