சித்தி கையில் சிவந்த கோடுகள் (நம் வீடு – குழு)

சித்தி, காலை 7:10
படம் பாருங்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு கோடாகச் சிவந்திருக்கிறது. நேற்று மாலையிலிருந்து ஒரே எரிச்சல்.

பெரியம்மா, 7:14
அடி, அடுப்பில் சுட்டுக்கொண்டாயா? மஞ்சள் குழைத்துப் போடு.

சித்தி, 7:15
அடுப்புப் பக்கமே போகவில்லை அக்கா. முந்தாநாள் மாடியில் வடகம் பிழிந்தேன், அவ்வளவுதான்.

நான், 7:21
மஞ்சள் எதுவும் வேண்டாம் சித்தி. மாடிக்குப் போகும் முன் அந்த எலுமிச்சை எண்ணெயைத் தடவினீர்களா?

சித்தி, 7:22
ஆமாம். தோல் பளபளக்கும் என்றுதான் விற்றவர் சொன்னார். பழத்திலிருந்து எடுத்ததுதானே!

நான், 7:30
பழத்தோலை அழுத்திப் பிழிந்த எண்ணெய் அது. அதில் ஃபியூரானோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். உடனே தெரியாது, ஒரு நாள் கழித்துத்தான் சிவக்கும். எண்ணெய் வழிந்த வழியெல்லாம் கோடு விழுந்திருக்கிறது, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெயில் படும் தோலில் பூசும் பொருட்களில் இந்த எண்ணெய் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வாசனைப் பொருள் துறையின் பன்னாட்டு வரம்பு. நீங்கள் அப்படியே பூசிவிட்டீர்கள். விற்றவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? எனக்கு ஆறவில்லை.

தம்பி, 7:33
ஆரஞ்சு எண்ணெயும் இப்படித்தானா?

நான், 7:36
இனிப்பு ஆரஞ்சு வெயிலில் இப்படிச் செய்வதில்லை. ஆனால் திறந்து நாளான எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டால் ஒவ்வாமை வரும்.

சித்தி, 7:38
வைட்டமின் சி கிடைக்கும் என்று தினமும் வெந்நீரில் இரண்டு துளி விட்டுக் குடிக்கிறேனே?

நான், 7:43
இன்றோடு நிறுத்திவிடுங்கள். வைட்டமின் சி நீரில் கரைவது, இந்த எண்ணெயில் அது இல்லை. இதில் பெரும்பங்கு லிமோனீன் என்ற வாசனைப் பொருள். சிறுவயதில் கார்த்திகை விளக்குச் சுடர் முன் ஆரஞ்சுத் தோலை மடித்துப் பிதுக்குவோமே, படபடவென்று பொறி பறக்குமே, அந்தத் தோல் எண்ணெயில் இருப்பதும் இதுதான். வைட்டமினுக்குப் பழத்தைப் பிழிந்து குடியுங்கள்.

பெரியம்மா, 7:47
மலைப்பாதை பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தால் குமட்டல் அடங்குகிறதே, அதுவும் பொய்யா?

நான், 7:52
அது பொய்யில்லை பெரியம்மா. ஈரானில் 100 கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வு 2014இல் வந்தது. எலுமிச்சை எண்ணெயை முகர்ந்தவர்களுக்குக் குமட்டல் குறைந்திருக்கிறது. பஞ்சில் ஒரு துளி விட்டு முகருங்கள், மனத்துக்கும் இதமாக இருக்கும். ஆனால் குட்டிப் பையன் கைக்கு பாட்டில் எட்டவே கூடாது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சித்தி, 7:55
பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டேன். கைக்கு என்ன செய்வது?

நான், 7:58
குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போடுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பழுப்புத் தடம் மறையச் சில மாதங்கள்கூட ஆகலாம், பயப்படாதீர்கள். வெயிலில் மட்டும் கையைக் காட்டாதீர்கள்.

சித்தி, 7:59
வடகம் மாடியிலேயே கிடக்கிறதே!

தம்பி, 8:00
நான் போய்த் திருப்பிப் போடுகிறேன் சித்தி.