கல்லாத் திரையின் பொத்தான்களைக் கணினியே அடுக்கித் தருமா?

பிரிக்பீல்ட்ஸ் நிரலன்:
வணக்கம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் என் சித்தப்பா நடத்தும் உணவகத்தின் கல்லாத் தொடுதிரைக்குச் செயலி எழுதி வருகிறேன். அதில் மொத்தம் 24 பொத்தான்கள். காலையில் ஓயாமல் அழுத்தப்படும் ரொட்டி சானாய் மேல் மூலையிலும் தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) கீழ் மூலையிலும் கிடப்பதால், காசாளரின் கை ஒவ்வொரு பில்லுக்கும் திரையைக் குறுக்கே கடக்கிறது. மூன்று மாத விற்பனைப் பதிவைக் கொண்டு சிறந்த அடுக்கைக் கண்டுபிடிக்க இயலுமா? எல்லா அடுக்குகளையும் சோதிக்கத் தொடங்கினேன்; இரவெல்லாம் ஓடியும் நிரல் முடியவில்லை.

கணக்குப்பிள்ளை:
தம்பி, ஆயுள் முழுவதும் ஓடினாலும் முடியாது. 24 பொத்தான்களை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 24 இலக்கங்கள் கொண்டது. முதலில் எதைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். 1954-இல் பால் ஃபிட்ஸ் வகுத்த விதிப்படி, இலக்கு தொலைவில் இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் விரல் அதைச் சென்றடையும் நேரம் கூடும். கை எப்போதும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதாகக் கொண்டால், 1955-இல் ஹரால்ட் கூன் வெளியிட்ட ஹங்கேரியன் முறை (எந்தப் பொத்தானுக்கு எந்த இடம் என்று பொருத்தும் கணக்கு முறை) நொடியில் மிகச் சரியான விடையைத் தந்துவிடும். ஆனால் உங்கள் சிக்கல், எதற்குப் பின் எது அழுத்தப்படுகிறது என்பதில் இருக்கிறது. அதற்குச் சிமுலேட்டட் அனீலிங் என்ற படிப்படியாகத் தேடும் முறை பொருந்தும். ஏதேனும் இரண்டு பொத்தான்களை இடம் மாற்றுங்கள். நேரம் குறைந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். கூடினாலும் தொடக்கத்தில் சிலவற்றை ஏற்று, 'வெப்பநிலை' (மோசமான மாற்றத்தை எவ்வளவு ஏற்கலாம் என்ற அளவு) இறங்க இறங்கக் கறாராகுங்கள். கிடைப்பது நல்ல விடையாக இருக்கும், ஆனால் அதுவே ஆகச் சிறந்தது என்பதற்கு உறுதி இல்லை.

ஜார்ஜ்டவுன்வாசி:
ஐயா சொன்ன முறையையே பினாங்கில் ஒரு கடைக்குச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன் நான். கணக்கின்படி நேரம் குறைந்தது. ஆனால் கல்லாவில் இருந்த அக்காவின் விரலோ பழைய இடத்துக்கே போனது. தே ஓவும் (பால் இல்லாத தேநீர்) தே தாரேக்கும் அடுத்தடுத்து அமைந்ததால் தவறான பில்களும் வந்தன. மூன்றாம் நாள் திரையின் ஓரத்தில் பழைய வரிசையை எழுதிய சீட்டு ஒன்றை அவர் ஒட்டிவைத்திருந்தார். பொத்தான் இடம் மாறுவதற்கும், குழப்பும் பெயர்கள் அருகருகே வருவதற்கும் கணக்கில் தண்டனைப் புள்ளி (அந்த அடுக்கை மோசமானதாகக் காட்டும் கூடுதல் மதிப்பு) சேர்க்காதது என் தவறுதான். ஃபிட்ஸ் விதி கையின் நேரத்தைத்தான் அளக்கும், கண் தேடும் நேரத்தை அல்ல.

பிரிக்பீல்ட்ஸ் நிரலன்:
இருவருக்கும் நன்றி. நான்கு பொத்தான்களுக்கு மேல் இடம் மாறக்கூடாது என்ற கட்டுப்பாட்டுடன் ஓட்டிப் பார்க்கிறேன். எந்த நான்கு என்பதைக் காசாளரிடம் காட்டிய பிறகே திரையில் ஏற்றுவேன்.