உலோகங்காணியின் தேடுமுறைகள்: கலைச்சொல் உதவி தேவை (வெள்ளிக்கிழமைக்குள்)

சென்னை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழும அன்பர்களுக்கு வணக்கம். மெட்டல் டிடெக்டர் ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். கருவிக்கு ‘உலோகங்காணி’ என்று வைத்துவிட்டேன். சிக்கலெல்லாம் அதன் ‘சர்ச் மோட்’களில்தான். கைப்பிடியருகே உள்ள பொத்தானை அழுத்த அழுத்த அவை ஒவ்வொன்றாக மாறுகின்றன. முதலாவதில் எந்த உலோகம் தட்டுப்பட்டாலும் ஒலி எழும். அடுத்து நகை, நாணயம், பழம்பொருள் என்று மூன்று. இவற்றில் ‘டிஸ்கிரிமினேஷன்’ இயங்குகிறது. துருப்பிடித்த ஆணியோ சாக்லேட் சுற்றிய தாளோ வந்தால் கருவி வாய் திறக்காது. கடைசியாக ‘பின்பாயிண்ட்’, பொருள் சரியாக எங்கே புதைந்திருக்கிறது என்று காட்டுவது.

இப்போதைக்கு ‘பாகுபாட்டுப் பயன்முறை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அதைத் தாண்டி என் கை ஓட மறுக்கிறது. உதவுங்கள்.

மதுரைத் தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, பாகுபாடு வேண்டவே வேண்டாம். சாதிப் பாகுபாடு, பாலினப் பாகுபாடு என்று அச்சொல் கறைபட்டுக் கிடக்கிறது. பகுத்தறிதல் என்றால் பெரியார் நினைவுக்கு வருவார். வள்ளுவர் ‘குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்’ என்று இந்தச் செயலையே இலக்கணமாக்கிவிட்டார்.

நம் வீட்டுப் பெண்கள் அரிசியை முறத்தில் இட்டு என்ன செய்தார்கள்? புடைத்தார்கள், கொழித்தார்கள், தெள்ளினார்கள். குறுணை ஒருபுறம், கல் ஒருபுறம், அரிசி ஒருபுறம். முறம் பக்கவாட்டில் அசையும். இந்தக் கருவியும் அப்படித்தான் அசைகிறது. ஆறு பொன்னையும் மணியையும் கரையில் ஒதுக்குவதையும் ‘கொழித்தல்’ என்றே புலவர்கள் பாடினார்கள். பிரிப்பதும் பொன் தருவதும் ஒரே சொல்லில்! ஆகவே ‘கொழிமுறை’. இதைவிடப் பொருத்தமான சொல் உலகத்தில் வேறு எந்த மொழிக்கும் வாய்க்காது.

கோவை மின்னணுவியல் பேராசிரியை எழுதியது:

ஐயா, கொழிமுறை கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் என் மாணவர்களில் முறத்தைக் கையில் எடுத்தவர்கள் மிகக் குறைவு. சொல்லைப் புரியவைக்கவே ஒரு வகுப்பு போய்விடும்.

கருவி செய்வதைப் பார்ப்போம். கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அது எழுப்பும் காந்தப்புலத்தை இன்னொரு சுருள் வாங்குகிறது. அனுப்பிய அலைக்கும் வாங்கிய அலைக்கும் இடையிலான கட்ட வேறுபாடு (ஃபேஸ், அதாவது ஒன்று மற்றதைவிட எவ்வளவு பிந்துகிறது என்பது) பொருளுக்குப் பொருள் மாறும். அதை வைத்தே கருவி ஊகிக்கிறது. ஊகம்தான், அறிவு அல்ல. மெல்லிய தங்க மோதிரமும் குளிர்பான டப்பாவைத் திறக்கும் அலுமினிய வளையமும் ஏறத்தாழ ஒரே வேறுபாட்டைத் தரலாம். அலுமினியத்தை வேண்டாம் என்று சொன்னவர் மோதிரத்தையும் இழந்துவிட்டார் என்று பொருள்.

மூன்று கருத்துகள் சொல்கிறேன். ‘மோட்’ என்பதற்குக் கைப்பேசியில் ‘விமானப் பயன்முறை’ வந்துவிட்டது. எனக்கு அது நீளம், ‘பாங்கு’ போதும். டிஸ்கிரிமினேஷனுக்குப் ‘பிரித்தறி பாங்கு’. சுருளைத் தரைக்கு மேல் வீசுவதற்குத் ‘துழாவுதல்’. இந்த வகைக் கருவிகளில் பிரித்தறியும்போது சுருள் அசைந்துகொண்டே இருந்தால்தான் ஒலி வரும். பின்பாயிண்டில் பொருளுக்கு நேர் மேலே அசையாமல் நிறுத்தினாலும் ஒலி நீடிக்கும். புதிதாகப் பழகுகிறவர் தடுமாறுவது இங்கேதான். கையேட்டில் இதை முதலில் சொல்லுங்கள்.

திருச்சி நாணயச் சேகரிப்பாளர் எழுதியது:

பெயர் எதுவானாலும் ‘நாணயம்’ என்ற நிலையின் கீழ் ஓர் எச்சரிக்கை வேண்டும். நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் எஃகு. வெளிநாட்டு வெள்ளி, செம்புக் காசுகளை மனத்தில் வைத்து அமைத்த நிலை, நம் நாணயங்களை இரும்போடு சேர்த்து ஒதுக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் சங்ககாலச் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. அதைக் கேள்விப்பட்டு இந்தக் கருவியோடு ஆற்றில் இறங்க ஆசைப்படுவோர் பலர். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மூலத்தில் இல்லாவிட்டாலும் தமிழில் இதைச் சேருங்கள். காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது தொலைந்தால், காசு கையில் இருந்தும் வரலாறு போய்விடும்.

மதுரைத் தமிழாசிரியர் எழுதியது:

‘காசு’ என்பதிலிருந்தே ஆங்கிலத்துக்குச் சொல் போனது என்பது என் நெடுநாள் கருத்து. அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

கிளிநொச்சி அன்பர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மிதிவெடி அகற்றும் பணியில் சில காலம் இருந்தவன். இரண்டு விடயங்கள்.

முதலாவது, ‘உலோகங்காணி’. எங்கள் ஊரில் காணி என்றால் நிலம். காணி விடுவிப்பு, காணி உறுதி என்று அன்றாடம் புழங்கும் சொல். வெடி அகற்றுவதே சனத்தின் காணியைத் திருப்பிக் கொடுக்கத்தான். ‘காணியில் உலோகங்காணியால் தேடுக’ என்று எழுதிப் பாருங்கள். ‘உலோகம் கண்டறியும் கருவி’ என்று நீட்டி எழுதினால் ஒருவரும் குழம்ப மாட்டார்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். நாங்கள் எதையும் பிரித்தறியவில்லை. பிளாஸ்டிக் மிதிவெடிகள் சிலவற்றில் உலோகம் என்று இருப்பது சிறு ஊசியும் சுருள்வில்லும்தான். காதில் கேட்பது நுளம்பு (கொசு) பறப்பது போன்ற மெல்லிய இழை. அதே ஒலியைத் துருப்பிடித்த ஆணித்துண்டும் தரும். அதனால் எழும் ஒவ்வொரு ஒலியையும் குறியிட்டு, பக்கவாட்டிலிருந்து மெதுவாக மண்ணைச் சுரண்டிப் போய் என்னவென்று பார்த்தே தீர வேண்டும். ஆணிதான் வரும், மறுபடியும் ஆணிதான் வரும். அடுத்ததையும் அதே கவனத்தோடு தோண்ட வேண்டும். வேலை தொடங்குமுன் அளவு தெரிந்த உலோகத் துண்டின் மேல் கருவியைப் பிடித்து, ஒலி சரியா என்று சோதிப்போம்.

‘பிரித்தறி’ என்று எழுதினால் கருவிக்கு ஏதோ தெரியும் என்று வாசிப்பவர் நம்புவார். ஐயா சொன்ன குறளில் குணத்தையும் நாடி, குற்றத்தையும் நாடித்தான் முடிவு. இங்கே கருவி ஒன்றை நம் காதுக்கே எட்டவிடாமல் தடுத்துவிடுகிறது. பிறகு நாடுவதற்கு என்ன இருக்கிறது? ஆகவே ‘விலக்கு’ என்ற சொல் வர வேண்டும். எதையோ விலக்கியிருக்கிறோம் என்ற நினைப்பு பெயரிலேயே இருக்கட்டும். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017-இல் இணைந்தது. மிதிவெடி அகற்றுவது 2028 ஜூன் 1 வரை கெடு உள்ள வேலை. இப்படியான கையேடு யார் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

மதுரைத் தமிழாசிரியர் எழுதியது:

தம்பியின் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ‘விலக்கு’ என்றால் பெயரா, வினையா? பெயரானால் ‘விலக்குப் பாங்கு’, வல்லினம் மிகும். வினையடியானால் ‘விலக்கு பாங்கு’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, மிகாது. ஓர் ஒற்று கருவியின் செயலையே மாற்றிவிடுகிறது: விலக்களிக்கிறதா, விலக்குகிறதா? ‘கொழிமுறை’யில் இந்தத் தொல்லையே இல்லை. கொழித்தவர் முறத்தைக் கவிழ்க்குமுன் ஒதுங்கியதை ஒருமுறை பார்ப்பார் என்பதையும் தம்பி எண்ணிப் பார்க்கட்டும்.

கிளிநொச்சி அன்பர் எழுதியது:

பார்ப்பார், ஐயா. இந்தக் கருவி அதைப் பார்க்க விடாது. அதனால்தான் கொழித்தல் பொருந்தாது என்கிறேன்.

சென்னை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நாளை ஒப்படைக்க வேண்டும். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் ‘விலக்கு’ பக்கமே அதிகம் பேர். ஒற்றுச் சிக்கல் வராதபடி ‘பாங்கு’ தவிர்த்து ‘நிலை’ வைக்கிறேன். முடிவான பட்டியல்: உலோகம் கண்டறியும் கருவி, முழு உலோக நிலை, விலக்கு நிலை, இடங்குறி நிலை, துழாவுதல், ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ என்பதற்கு மண் சமன். மண் சமன் பற்றி யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மண்ணில் கலந்த இரும்புத்தாதுவின் எதிரொலியைக் கருவி கணக்கிலிருந்து நீக்குவது என்பதால் ‘நில’ வேண்டாம், ‘மண்’ போதும். சுருளைத் தரைக்கருகே மேலும் கீழும் அசைத்து, ஒலி மாறாமல் நிற்கும் வரை திருகை நகர்த்துவதை விளக்கமாக எழுதிவிட்டேன். விலக்கு நிலையின் கீழ் மோதிரத்தைப் பற்றியும் ரூபாய் நாணயத்தைப் பற்றியும் தனிக் குறிப்பு வைத்திருக்கிறேன். புதையல் சட்டக் குறிப்பைச் சேர்க்க நிறுவனத்திடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

கோவைப் பேராசிரியை எழுதியது:

‘விலக்கு’ சரி, கிளிநொச்சி அன்பர் சொன்ன காரணத்துக்காகவே ஏற்கிறேன். ‘நிலை’யை ஏற்க முடியவில்லை. சுருள் அசையும்போது ஒன்று, நிலையாக நிற்கும்போது ஒன்று என்று இந்தக் கையேட்டிலேயே வேறுபாடு சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இடங்குறி நிலையில் சுருளை நிலையாக வைக்கவும்’ என்று எழுதப்போகிறீர்களா? வகுப்பில் நான் ‘விலக்குப் பாங்கு’ என்றே சொல்லுவேன்.

மதுரைத் தமிழாசிரியர் எழுதியது:

ஒற்று மிகுந்த ‘விலக்குப் பாங்கு’க்கு என் ஒப்புதல் இல்லை என்று ஆவணத்தில் இருக்கட்டும். கொழித்தல் பற்றிய விரிவான கட்டுரையை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.