வேலியோரக் கொடி வெட்டியபின் கையில் கோடு கோடாகத் தடிப்பு: பாய்சன் ஐவியா? இனி என்ன செய்வது?

அவுரி:
வணக்கம். இருப்பது நியூ ஜெர்சியில். சனிக்கிழமை பின்பக்க வேலியோரம் மண்டிக் கிடந்ததை ஸ்ட்ரிங் ட்ரிம்மரால் (கயிறு சுழன்று களை வெட்டும் கருவி) அடித்துவிட்டு, மிச்சக் கொடிகளைத் துணிக் கையுறை போட்டுக் கையால் பிடுங்கினோம். குளித்தது இரவில்தான். இன்று திங்கள். மணிக்கட்டின் உட்பக்கம் கோடு கோடாகச் சிவந்து தடித்திருக்கிறது, நடுநடுவே சிறு நீர்க்கொப்புளங்கள், தாங்க முடியாத நமைச்சல். காலையில் ஒன்றும் இல்லாத கழுத்திலும் முழங்கையிலும் மாலைக்குள் கிளம்பிவிட்டது. இலைகள் மும்மூன்றாக இருந்தன.

இது உடம்பு முழுக்கப் பரவுமா? வீட்டில் நான்கு வயதுக் குழந்தையும் நாயும் இருக்கின்றன, அவர்களுக்கு ஒட்டுமா? என்ன தடவலாம்? வேலியில் இன்னும் பாதி பாக்கி. மேப்பிள் மரத்திலும் ஒரு தடித்த கொடி ஏறியிருக்கிறது. அதை எப்படி எடுப்பது?

கொன்றை:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாய்சன் ஐவிதான், பட்டாலே தோலைத் தடிக்கவைக்கும் கொடி. இலையோ தண்டோ உரசிப்போன தடத்திலேயே தடிப்பு எழும். கோடு கோடாக வருவது அதனால்தான்.

முதலில் குழந்தையைப் பற்றிய பயத்தை விடுங்கள். தடிப்பு ஒட்டாது. கொப்புளம் உடைந்து வடியும் நீரிலும் விஷம் கிடையாது. ஒவ்வாமையைக் கிளப்புவது செடியின் பாலில் உள்ள உருஷியால் என்ற எண்ணெய். அது தோலுக்குள் இறங்கிப் புரதங்களோடு பிணைந்துகொள்ளும், உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அந்த இடத்தைத் தாக்கும். இது நடக்க நேரம் எடுக்கும் என்பதால், முன்பே ஒவ்வாமை உள்ளவருக்கு 12 முதல் 48 மணி நேரத்தில் தடிப்பு தெரியும். முதல்முறை படுபவருக்கு ஒன்று முதல் மூன்று வாரம்கூட ஆகலாம். எண்ணெய் அதிகம் பட்ட இடத்திலும் தோல் மெல்லிய இடத்திலும் முதலில் கிளம்பும், மற்ற இடங்களில் பின்னால் வரும். உங்கள் கழுத்திலும் முழங்கையிலும் நடப்பது இதுதான். பார்ப்பவருக்குப் பரவுவது போலத் தெரியும். அங்கேயும் சனிக்கிழமையே பட்டிருக்கும். ட்ரிம்மர் கயிறு இலையையும் தண்டையும் துண்டு துண்டாக்கிச் சாற்றை மேலெல்லாம் தெளிக்கும்.

ஆனால் நான்கைந்து நாள் கழித்தும் புதுப்புது இடங்களில் வந்துகொண்டே இருந்தால், எண்ணெய் ஒட்டிய ஏதோ ஒரு பொருளைத் திரும்பத் திரும்பத் தொடுகிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள். காய்ந்த பிறகும் உருஷியாலுக்கு வீரியம் போகாது, பொருள்களின் மேல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். குழந்தைக்கும் நாய்க்கும் ஆபத்து உங்கள் தோலிலிருந்து வராது, இந்தப் பொருள்களிலிருந்துதான் வரும். ஆகவே இன்றே செய்ய வேண்டியது:

ட்ரிம்மரின் கைப்பிடி, தண்டு, அடிக்காப்பு, கத்தரி, மண்வெட்டிக் கைப்பிடி எல்லாவற்றையும் தூக்கியெறியும் நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு ரப்பிங் ஆல்கஹாலால் துடையுங்கள். ஒரே துணியால் எல்லாவற்றையும் துடைத்தால் எண்ணெய் இடம் மாறும், அவ்வளவுதான். காகிதத் துண்டை அடிக்கடி மாற்றுங்கள். பலரும் விட்டுவிடுவது போன் உறை, கார் ஸ்டியரிங், கொல்லைக் கதவுப் பிடி, தண்ணீர் பாட்டில், கைக்கடிகாரப் பட்டை, காலணிக் கயிறு. அன்று போட்ட துணிகளை மற்ற துணிகளோடு சேர்க்காமல் வெந்நீரில் டிடர்ஜென்ட் போட்டுத் தனியாகத் துவையுங்கள். இயந்திரத்தைத் துணி நிரப்பி அமுக்காதீர்கள். துணிக் கையுறையைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

நாய்க்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது, முடி காப்பாற்றும். ஆனால் அதன் முடியில் ஒட்டியது குழந்தையின் கன்னத்துக்கு வரும். கையுறை போட்டு ஷாம்பூவால் ஒருமுறை நன்றாகக் குளிப்பாட்டுங்கள்.

நொச்சி:
கொன்றை சொன்னதோடு, அடுத்தமுறை பட்டவுடன் கழுவும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். பட்ட 10 நிமிடத்துக்குள் கழுவினால் பலன் மிக அதிகம். நேரம் போகப் போகப் பலன் குறையும். ஓரிரு மணி நேரம் கழித்துக் கழுவினாலும் வீண் இல்லை, தோலின் மேல் மிச்சமிருப்பதாவது போகும்.

எண்ணெய் தேய்த்த உடம்பில் வெறும் தண்ணீரை ஊற்றினால் பிசுக்குப் போகுமா? இதுவும் அப்படித்தான். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தோலில் விட்டு, ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்து, நிறையக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். இதை மூன்று தடவை செய்யுங்கள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, காதின் பின்புறம் விட்டுப்போகக் கூடாது. தொட்டியில் நீர் நிரப்பி உட்கார வேண்டாம், எண்ணெய் மிதந்து உடம்பெல்லாம் படும். இதற்கென்றே டெக்னூ போன்ற விலை கூடிய கழுவிகள் விற்கின்றன. 2000-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் டெக்னூ, மெக்கானிக்குகள் கை கழுவும் கிரீம், சாதாரணப் பாத்திரம் கழுவும் சோப்பு மூன்றையும் பட்ட இடத்தில் போட்டுப் பார்த்தார்கள். மூன்றுமே கழுவாமல் விட்ட தோலைவிட நன்றாகக் காத்தன, தங்களுக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. என் கருத்தில் காசைவிட நேரமும் தேய்ப்பும்தான் முக்கியம்.

இனி மருத்துவம். லேசான தடிப்புக்குக் குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம் 15 முதல் 30 நிமிடம், நாளைக்குச் சில தடவை. மேலே கேலமைன் லோஷன். கொலாய்டல் ஓட்ஸ் பொடி (மிக நைசாக அரைத்த ஓட்ஸ்) கலந்த வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரக் குளியலும் நமைச்சலை அடக்கும். 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் என்ற லேசான ஸ்டீராய்டு கிரீம் தொடக்கத்தில் ஓரளவு உதவும். கொப்புளம் எழுந்த பிறகு அதை நம்பியிருக்க வேண்டாம், அது அவ்வளவு வலுவானதல்ல. டாக்டர் எழுதித்தரும் குளோபெட்டசோல் மாதிரி வலுவான ஸ்டீராய்டு கிரீம் வேலை செய்யும், ஆனால் அதை முகம், அக்குள், தொடையிடுக்கில் தடவக் கூடாது.

தடவக் கூடாதவை இன்னும் உண்டு. டைபென்ஹைட்ரமின் என்ற ஒவ்வாமை மருந்து கலந்த கிரீம், பென்சோகெயின் கலந்த மரப்புக் களிம்பு இரண்டுமே புண்பட்ட தோலில் புது ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். பச்சிலை, மஞ்சள், வேப்பிலை அரைத்துப் போடுவதும் வேண்டாம். உடைந்த கொப்புளத்தில் அழுக்குச் சேர்ந்தால் சீழ் பிடிக்கும். ஒவ்வாமை மாத்திரை இந்த நமைச்சலை நிறுத்தாது, ஏனென்றால் இது ஹிஸ்டமினால் வருவதல்ல. தூக்கம் வரவைக்கும் வகை இரவில் தூங்க உதவும், அவ்வளவே. கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள்.

கண் வீங்கினால், முகத்திலோ பிறப்புறுப்பிலோ வந்தால், உடம்பில் பெரும்பகுதி தடித்தால், காய்ச்சலோ சீழோ கண்டால் டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறினாலோ விழுங்க முடியாமல் போனாலோ 911.

அவுரி:
நன்றி. இன்று காலை இடது கண் பாதி மூடும் அளவுக்கு வீங்கிவிட்டது. அர்ஜென்ட் கேரில் (முன்பதிவின்றிப் போகும் உடனடிச் சிகிச்சை மையம்) ஆறு நாள் ஸ்டீராய்டு மாத்திரை அட்டை கொடுத்தார்கள். போதுமா?

நொச்சி:
வாங்கியதைத் தொடங்குங்கள், கூடவே உங்கள் டாக்டரையோ தோல் மருத்துவரையோ இன்றே கூப்பிடுங்கள். அந்த அட்டை மெத்தில்பிரெட்னிசலோன் 4 மில்லிகிராம் மாத்திரை 21 கொண்டதாக இருக்கும்: முதல் நாள் ஆறு, பிறகு நாளுக்கு ஒன்றாகக் குறையும். இந்த ஒவ்வாமை ஓடுவதோ இரண்டு மூன்று வாரம். ஆறாம் நாள் மருந்து நின்றதும் அடங்கியிருந்த வீக்கம் திரும்பக் கிளம்புவது அடிக்கடி நடக்கிறது. கண் வீங்கும் அளவுக்கு வந்தால் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டு முதல் மூன்று வாரம் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவதே வழக்கம். அளவை டாக்டர்தான் எடைக்கும் நோய்க்கும் ஏற்ப முடிவு செய்வார். “ஆறு நாளில் நிறுத்தினால் திரும்ப வருமா, நீட்டிக்க வேண்டுமா?” என்று நேராகக் கேளுங்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், வயிற்றுப்புண் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். நீங்களாகப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம்.

வேலிப்பருத்தி:
கொடியை எடுப்பது பற்றி. தடிப்பு முழுதாக ஆறும்வரை நீங்கள் அந்த வேலிப் பக்கம் போகவே வேண்டாம்.

முதலில் சரியாக அடையாளம் காணுங்கள். மூன்று சிற்றிலையில் நடு இலைக்குக் காம்பு நீளம், பக்க இலை இரண்டும் ஒட்டினாற்போல இருக்கும். தண்டில் இலைகள் மாறி மாறி வரும், எதிரெதிராக வராது. பாக்ஸ் எல்டர் என்ற மேப்பிள் வகை மரத்தின் கன்றுக்கும் மூன்று சிற்றிலை உண்டு, ஆனால் எதிரெதிராக நிற்கும். முள் இருந்தால் அது ராஸ்பெரி வகை. ஐந்து இலை என்றால் வர்ஜீனியா க்ரீப்பர். மரமேறிய கொடியில் பழுப்பு நிற வேர்கள் அடர்ந்த முடி போல மொய்த்திருக்கும். இலையுதிர்ந்த குளிர்காலத்தில் அந்த முடிதான் அடையாளம், அப்போதும் எண்ணெய் உண்டு. சந்தேகமிருந்தால் கையுறை போட்டு, மடித்த வெள்ளைத் தாளுக்குள் இலையை வைத்துக் கல்லால் நசுக்கித் திறந்து பாருங்கள். பாய்சன் ஐவியின் சாறு தாளில் சில நிமிடத்தில் பழுப்பாகிக் கறுத்துவிடும்.

நம்மூர்ச் சேங்கொட்டையும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் மாங்காய்ப் பாலும் தோலைப் புண்ணாக்குவதும் இதற்கு நெருங்கிய பொருள்களால்தான். எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இனி மாம்பழத் தோலைக் கடித்தால் உதட்டைச் சுற்றித் தடிக்கலாம். தோலைச் சீவிச் சாப்பிடுங்கள்.

உடுப்பு: முழுக்கை, கால்சட்டை முனை காலுறைக்குள், கண்ணாடி. மெல்லிய ரப்பர் லேட்டக்ஸ் கையுறையை நம்பாதீர்கள், உருஷியால் அதை ஊடுருவும். தடித்த வினைல் அல்லது நைட்ரைல் கையுறை, மேல்விளிம்பில் டேப்.

சின்னச் செடிகளை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு தோண்டுங்கள். வேர்த்துண்டு மிஞ்சினால் திரும்ப முளைக்கும். ட்ரிம்மர் வேண்டவே வேண்டாம். பரவலாக இருந்தால் களைக்கொல்லி: கிளைபோசேட் புல்லையும் சேர்த்துக் கொல்லும், டிரைகுளோபைர் புல்லை விட்டுவிடும். காற்றில்லாத, மழை வராத நாளில், லேபிளில் உள்ள அளவிலேயே, இலை நனையும்படி அடியுங்கள். சொட்ட வேண்டாம். ஒரு தடவையில் சாகாது. துளிர்க்கும்போது மறுபடி.

மேப்பிள் கொடியை இழுத்துக் கீழே கொண்டுவரப் பார்க்காதீர்கள், முகத்தில்தான் விழும். தரைக்குச் சற்று மேலே கைரம்பத்தால் அறுத்து, அதற்கு மேல் ஆறு அங்குலம் விட்டு இன்னொரு வெட்டு. நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். தரையிலுள்ள வெட்டுவாயில், வெட்டிய சில நிமிடங்களுக்குள், வெட்டுக்கட்டைக்கென்று லேபிளில் சொன்ன செறிவில் களைக்கொல்லியைத் தூரிகையால் பூசுங்கள். மேப்பிள் பட்டையில் படக்கூடாது. தாமதித்தால் வெட்டுவாய் அடைத்துக்கொண்டு மருந்து இறங்காது. மேலே இருப்பது தானாகக் காயட்டும். காய்ந்ததையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

கொன்றை:
ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். வெட்டியதை எக்காரணம் கொண்டும் எரிக்காதீர்கள். புகையோடு எண்ணெய் போய் மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்து. அந்த முடிவேர் ஒட்டிய விறகைக் கணப்பில் போடுவதும் அதே ஆபத்துதான். சிப்பரில் (கிளைகளைத் துண்டாக்கும் இயந்திரம்) அரைப்பதும் உரக்குழியில் போடுவதும் கூடாது. தடித்த பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பையாக இறுக்கிக் கட்டி, உங்கள் ஊராட்சி எந்தக் குப்பையில் போடச் சொல்கிறது என்று கேட்டுப் போடுங்கள். சனிக்கிழமை பிடுங்கிப் போட்ட குவியல் இன்னும் கொல்லையில் கிடந்தால், குழந்தையும் நாயும் நெருங்காதபடி இன்றே தடுப்பு வையுங்கள். பையில் அள்ளும் வேலையை வேறொருவர் முழு உடுப்போடு செய்யட்டும்.