கோடியக்கரையில் லென்ஸ் மங்குகிறது, பூநாரை கலங்குகிறது: கோளாறு லென்ஸிலா, காற்றிலா?

கோரையாறு (கேள்வி)

வணக்கம். தை அமாவாசைக் கூட்டம் கலைந்த பிறகு இரண்டு நாள் கோடியக்கரைப் பக்கம் பறவைப் படம் எடுக்கலாம் என்று இருக்கிறேன். கிராப் சென்சார் பாடி (சின்ன சென்சார் உள்ள கேமரா), 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ், மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி). தங்கல் வேதாரண்யத்தில், ஏசி அறை. போக்குவரத்து கார்.

மார்கழியில் போனபோது இரண்டு சிக்கல். விடிகாலையில் அறையை விட்டு வெளியே வந்து மூடியைக் கழற்றியதும் முன்கண்ணாடி முழுக்க மங்கிவிட்டது. துடைத்தால் அரை நிமிடத்தில் மறுபடி மங்குகிறது. முக்கால் மணி நேரம் அப்படியே போயிற்று. அடுத்தது, ஒன்பது ஒன்பதரைக்கு உப்பளப் பக்கம் எடுத்த பூநாரைப் படங்களில் ஒன்றுகூட கூர்மையாக இல்லை. ஷட்டர் 1/2000 வினாடி, அதனால் கை நடுக்கம் இருக்க வாய்ப்பில்லை. இதே லென்ஸ் வீட்டுக் கொல்லையில் 15 மீட்டரில் இருக்கும் காக்கையின் மூக்கு மயிரைக்கூட எண்ணிக் காட்டுகிறது. லென்ஸைச் சரிபார்க்கக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

கூடவே ஒன்று: லென்ஸைத் துணி பீரோவில்தான் வைக்கிறேன். பூஞ்சை வராமல் இருக்க என்ன செய்வது?

அலையாத்தி

முதல் சிக்கலுக்கு மட்டும் சொல்கிறேன். அது பனி பெய்து வந்த ஈரம் அல்ல, உங்கள் ஏசி செய்த வேலை. தை மாத விடியலில் நம் கடலோரக் காற்று 20 டிகிரிக்குப் பக்கத்தில் குளிர்ந்த எந்தப் பொருளைத் தொட்டாலும் அதன் மேல் நீராகப் படியும். ஏசியை 18-ல் வைத்துத் தூங்கினால் லென்ஸும் 18-க்கு வந்துவிடும். வெளியே எடுத்ததும் மோர்ச்செம்பு வியர்ப்பது போல வியர்க்கும். கண்ணாடி காற்றின் வெப்பத்துக்கு வரும்வரை எத்தனை முறை துடைத்தாலும் பயன் இல்லை. இரண்டு கிலோ லென்ஸ் சூடேற முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். நீங்கள் காத்திருந்த நேரமும் அதுதான்.

எளிய வழி, கேமரா பையை ஏசி அறையிலேயே வைக்காதீர்கள். ஏசி படாத இடம் இல்லை என்றால் படுக்கும் முன் 27-க்கு மாற்றுங்கள், அல்லது நான்கு மணிக்கு அலாரம் வைத்து ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஜன்னலைத் திறக்கும் முன் லென்ஸையும் பாடியையும் மாட்டியபடியே பாலித்தீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்ட வேண்டும். 150-600 நுழையும் அளவுக்கு ஜிப் கவர் கிடைப்பது கஷ்டம், குப்பைக்கூடைக்குப் போடும் பெரிய பை போதும். ஈரம் பையின் வெளிப்பக்கம் படியும், கண்ணாடியில் படியாது. பையின் மேல் வியர்வை காய்ந்த பிறகுதான் பிரிக்க வேண்டும்.

காரிலும் இதே கதைதான். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பதினொரு கிலோமீட்டர். அந்த இருபது நிமிடம் ஏசி போட்டு லென்ஸை முன்சீட்டில் வைத்தால், காற்றுத் துளைக்கு நேரே இருக்கும் லென்ஸ் மறுபடி குளிர்ந்துவிடும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

மங்கிய நிலையில் லென்ஸைக் கழற்றி மாற்றவே கூடாது. முன்கண்ணாடியை விட்டுவிட்டுச் சென்சாரும் பின்கண்ணாடியும் மங்க ஆரம்பிக்கும், அது காய இன்னும் நேரமாகும்.

உப்புக்காத்து

லென்ஸைச் சரிபார்க்கக் கொடுக்காதீங்க, காசு தண்டம். ரெண்டாவது சிக்கல் கானல்.

வெயில் ஏறினதும் உப்பளப் பாத்தி, வரப்பு, காஞ்ச சேறு எல்லாம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சூட்டில் இருக்கும். அதுக்கு மேலே உள்ள காற்று சூடும் குளிர்ச்சியும் கலந்து அலையும். 150 மீட்டர் தாண்டி நிக்கிற பூநாரையை 600-ல இழுத்தா, அத்தனை மீட்டர் அலையையும் சேர்த்துத்தான் படம் எடுக்கறீங்க. 1/2000 இல்ல, 1/8000 வெச்சாலும் தீராது. லென்ஸ் துளையை எஃப் 8, எஃப் 11-க்குச் சின்னதா மூடினாலும் தீராது. பின்னாடி மென்பொருள்ல கூர்மையேத்தினா இறகெல்லாம் புழு நெளியற மாதிரி ஆயிடும்.

உங்க பழைய படங்களை வெச்சே கண்டுபிடிக்கலாம். ஒரே தொடர்ல எடுத்த பத்துப் படத்தைப் பெருசாக்கி அடுத்தடுத்துப் பாருங்க. கால், மூக்கு கோடு படத்துக்குப் படம் வேற வேற மாதிரி வளைஞ்சிருந்தா கானல். எல்லாப் படமும் ஒரே மாதிரி மசமசன்னு இருந்து, பறவைக்கு முன்னாலயோ பின்னாலயோ இருக்கிற சேறு மட்டும் கூர்மையா இருந்தா ஃபோகஸ் தப்பு. எல்லாப் புள்ளியும் ஒரே திசையில இழுபட்டிருந்தா ஆட்டம்.

கோரையாறு

பார்த்தேன். கால்கள் படத்துக்குப் படம் நெளிகின்றன. பதினெட்டில் ஒன்று மட்டும் சுமாராக இருக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன்: ஏழு மணிக்குக் காருக்குள்ளிருந்து எடுத்தவையும் கொஞ்சம் மசமசப்பு. அந்த நேரத்தில் வெயிலே ஏறவில்லையே?

உப்புக்காத்து

ஏசி ஓடிட்டிருந்துதா? உள்ளே குளிர், வெளியே வெக்கை, நடுவுல உங்க ஜன்னல். ரெண்டு காற்றும் லென்ஸ் முன்னாடியே கலக்குது. வண்டியை நிறுத்தற இடத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே ஏசியை அணைச்சு எல்லாக் கண்ணாடியையும் இறக்கிடணும். என்ஜினையும் நிறுத்தணும், அந்த அதிர்வு கதவு வழியா லென்ஸுக்கு வரும். முன்பக்கம் பானட் மேல எடுக்கவே கூடாது, அங்கே ஒரு தனிக் கானலே கிளம்பிட்டிருக்கும்.

கானலோட சண்டை போட வழி நேரமும் தூரமும்தான். ஜனவரி நடுவுல கோடியக்கரையில சூரியன் உதிக்க ஆறரை ஆகும். அப்பலேர்ந்து எட்டு, எட்டேகால் வரைக்கும் தூரத்துப் பறவை. அதுக்கப்புறம் 30 மீட்டருக்குள்ள வர்றது மட்டும்: வரப்போரம் உள்ளான், மீன்கொத்தி, சாலையோரக் கம்பியில கரிச்சான். மூடாக்கு நாள்ல பத்து மணி வரைக்கும்கூட நல்லா வரும். தூரத்தில் இருப்பதை எடுத்தே ஆகணும்னா இருபது முப்பது படம் தொடர்ச்சியா சுடுங்க. அலை ஒரு கணம் அடங்கும்போது ஒண்ணு ரெண்டு தேறும். உங்களோட பதினெட்டில் ஒண்ணு அதுதான்.

வடுவூரான்

வெளிச்சத்தின் திசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தை மாதத்தில் சூரியன் நேர் கிழக்கில் எழுவதில்லை, தென்கிழக்கில். வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு வழியாகப் போகும் சாலைக்கு மேற்கேதான் சதுப்பு விரிந்து கிடக்கிறது. ஆகவே காலையில் சாலையிலிருந்து மேற்கே பார்த்தால் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம், பூநாரையின் இளஞ்சிவப்பு எழும்பும். மாலையில் அதே இடத்தில் எதிர்வெயில். அப்போது நிழலுருவம் மட்டும் எடுங்கள், சிறகின் நிறத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

அளவுகள்: இரை மேயும் பறவைக்கு 1/1000, பறப்புக்கு 1/2000 முதல் 1/2500. மேனுவலில் வைத்து ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) ஆட்டோ. கிராப் சென்சாரில் ஐஎஸ்ஓ 1600 போனாலும் பயப்பட வேண்டாம், ஆடிய படத்தைவிட மணல்மணியாய் உள்ள படம் மேல். பளபளக்கும் தண்ணீரில் நிற்கும் பறவையைக் கேமரா இருட்டடிக்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 ஏற்றுங்கள். அதே பூநாரை தலைக்கு மேல் வெயில் பட்டுப் பறந்தால் வெள்ளை வெந்துவிடும், 0-க்குக் கொண்டுவந்து ஹிஸ்டோகிராமை (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தை) பாருங்கள். கறுத்த சம்பா வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு −1.

மார்கழி மூடுபனியில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தடுமாறும். ஒற்றைப் புள்ளியை வைத்து, பறவையின் மூக்கும் பின்புலமும் சேரும் விளிம்பில் பிடியுங்கள். தூரம் அதிகமானால் நடுவில் உள்ள பனி நிறத்தைக் குடித்துவிடும், 600-ல் இழுப்பதைவிட 150-ல் வயலையும் பனையையும் சேர்த்து எடுப்பது மேல். பறவைப் படம் என்றால் பறவை சட்டத்தை நிறைக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பூநாரை எழும்ப ஓடுதளம் வேண்டும், காற்றை எதிர்த்துத் தண்ணீரில் ஓடித்தான் எழும்பும். காலையில் காற்று வரும் திசையைப் பார்த்து வையுங்கள், கூட்டம் எந்தப் பக்கம் கிளம்பும் என்று தெரியும். ஆனால் பறக்கவைக்கக் கூடாது. கூட்டத்தில் பாதிப் பறவைகள் மேய்வதை விட்டுத் தலை தூக்கி ஒரே பக்கம் நடக்க ஆரம்பித்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், அங்கேயே நில்லுங்கள். கல்லெறிந்து எழுப்பித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே இறங்கும் உள்ளான்களில் பல வடதுருவப் பக்கத்திலிருந்து வருபவை. பங்குனி சித்திரையில் திரும்பிப் போவதற்குக் கொழுப்பைச் சேர்க்கும் காலத்தில் ஒவ்வொரு வீண் பறப்பும் அதற்கு நட்டம்.

சரணாலயத்துக்குள் போக வனத்துறை அலுவலகத்தில் அனுமதி எழுதி வாங்க வேண்டும். டிரோன் கூடாது. 1967-ல் இதைச் சரணாலயமாக அறிவித்ததே வெளிமானுக்காகத்தான். புல்வெளியில் மானைப் பார்த்தால் வண்டியை விட்டு இறங்காதீர்கள், இறங்கினால் உங்களுக்குக் கிடைப்பது அதன் பின்பக்கம்.

நாமக்கோழி

பீரோ பற்றி யாரும் சொல்லவில்லையே. துணி பீரோ என்றால் பாச்சை உருண்டை இருக்கும். அதன் ஆவி கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியும். முதலில் லென்ஸை அங்கிருந்து எடுங்கள்.

பூஞ்சைக்கு ஈரமும் இருட்டும் போதும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பிடிக்க ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டா வீடுகளுக்குள் 80-க்குக் கீழே வருவதே அபூர்வம். மூடியில் ரப்பர் வளையம் உள்ள 15-20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அரைக்கிலோ சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று, மூன்றும் போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். 30-க்குக் கீழே போனால் ஜெல்லைப் பாதியாகக் குறையுங்கள், ரப்பரும் உள்ளே உள்ள கிரீஸும் காய்ந்துபோகும். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் நீலம் வெளிர்சிவப்பானதும் தட்டில் பரப்பி 110 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வையுங்கள், பழைய நிறம் வரும். சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம், அந்த நீலத்தில் உள்ள கோபால்ட் உணவில் சேரக் கூடாது.

அரிசிக்குள் போட்டு வைப்பது வேண்டவே வேண்டாம். ஈரத்தை இழுப்பது குறைவு, தவிட்டுத் தூசி ஜூம் வளையத்துக்குள் போவது அதிகம்.

களத்திலிருந்து வந்ததும்: முதலில் ப்ளோயரால் ஊதுங்கள். உப்பு காய்ந்து துகளாக இருக்கும்போது உலர்ந்த துணியால் தேய்த்தால் அது உப்புத்தாள். நல்ல தண்ணீரில் நனைத்து முறுக்கிப் பிழிந்த பருத்தித் துணியால் பாடியையும் லென்ஸ் குழாயையும் ஒற்றியெடுத்து, பிறகு உலர் துணி. முன்கண்ணாடிக்கு மட்டும் துடைப்புத் திரவம், அதையும் கண்ணாடியில் விடாமல் துணியில் விட்டுத் துடைக்க வேண்டும்.

கொசுவுக்கு டீட் கலந்த பூச்சு போடுபவர்கள் உள்ளங்கையைக் கழுவிவிட்டுக் கேமராவைத் தொடுங்கள். அது ரப்பர் பிடியையும் சில பிளாஸ்டிக்கையும் இளக்கிப் பிசுபிசுக்கச் செய்யும்.

கோரையாறு

எல்லாருக்கும் நன்றி. லென்ஸைக் கொடுக்கப் போவதில்லை. இரண்டு சின்னக் கேள்வி: கார் ஜன்னலில் மோனோபாட் ஒத்துவரவில்லை, மாற்று என்ன? எட்டேகாலுக்குப் பிறகு அறைக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழி உண்டா?

உப்புக்காத்து

ஜன்னலுக்கு மணிப்பை. கெட்டித் துணியில கால்சட்டைக் கால் மாதிரி ரெண்டு அறை தைச்சு, கண்ணாடி விளிம்பு நடுவுல உக்கார்ற மாதிரி போடணும். உள்ளே ரெண்டு, ரெண்டரை கிலோ தானியம். ரைஸ் மில்லுல உமி சும்மா கிடைக்குதேன்னு அடைச்சா எடை இருக்காது, லென்ஸ் அமுங்காது. பச்சைப்பயறு நல்லா உக்காரும். நெல்லும் சரிதான், ஆனா பனியில நனைஞ்சதைக் காயவைக்காம மூலையில போட்டா பை முளைச்சிடும். உப்பளம் பக்கம்தானேன்னு கல்லுப்பு போட்டுடாதீங்க. ஈரத்தை இழுத்துக் கசிஞ்சு லென்ஸைத் தின்னுடும்.

வடுவூரான்

எட்டேகாலுக்குப் பிறகு வயலுக்கு வாருங்கள். தையில் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் ஓடும் வயலில் கொக்கும் மைனாவும் கரிச்சானும் இயந்திரத்தை ஒட்டியே வரும், பத்துப் பதினைந்து மீட்டரில் கிடைக்கும். அவ்வளவு கிட்டத்தில் கானல் பெரிதாகத் தெரியாது. வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரப்போரம் வண்டியை நிறுத்துங்கள், காற்று வரும் பக்கம். காற்று போகும் பக்கம் நின்றால் வைக்கோல் தூசி முழுவதும் உங்கள் மேல்தான். அங்கே லென்ஸ் மாற்றுவது பற்றி நினைக்கவே வேண்டாம்.

அலையாத்தி

சதுப்பில் இறங்குவதாக இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே வெள்ளை ஆடை கட்டிய சேறு கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். கம்பு ஊன்றிப் பார்த்துவிட்டு அடி வையுங்கள். உப்பளப் பாத்தி வரப்பில் ஏறாதீர்கள், உடைந்தால் அவர்கள் உழைப்பு போயிற்று. மோனோபாடை ஊன்றும்போது அடியில் உள்ள மெல்லிய குழாயை முதலில் முழுதாக நீட்டி, பூட்டு சேற்றுக்கு மேலே நிற்கும்படி பாருங்கள். சேறு பூட்டுக்குள் போனால் அன்றிரவே கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். மறுநாள் ஆகிவிட்டால் திருகவே வராது.