மதர்போர்டு மாற்றப் போகும் ஆபீஸ் லேப்டாப்: அனுப்புமுன் பிட்லாக்கரை என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். ஆபீஸ் லேப்டாப், விண்டோஸ் 11. ஆபீஸ் லேப்டாப்களை நிர்வகிக்கும் இன்ட்யூன், அவற்றை ஆபீஸுக்கு ஏற்பத் தானாக அமைக்கும் ஆட்டோபைலட் இரண்டிலும் பதிவானது, டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன். டைப்-சி போர்ட்டில் சார்ஜ் ஏறவில்லை. மதர்போர்டையே மாத்தணும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள், பாஸ்வேர்டும் கேட்கிறார்கள். பேட்டரி 60 சதவீதம்தான் மிச்சம். ரீசெட் அடிச்சு அனுப்பலாமா? பிட்லாக்கரை ஆஃப் செய்யணுமா?

பதில் 1:
ரீசெட் வேண்டாம், பாஸ்வேர்டும் தராதீர்கள். போர்டைச் சோதிக்க விண்டோஸுக்குள் போகத் தேவையில்லை. விண்டோஸுக்கு முன்பே திறக்கும் பயாஸ் பக்கத்து டயக்னாஸ்டிக்ஸோ அவர்களுடைய யுஎஸ்பியோ போதும்.

இருக்கிற சார்ஜை முதலில் பேக்கப்புக்குச் செலவிடுங்கள். ஒன்டிரைவ் வழக்கமாகக் காப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மட்டும். டவுன்லோட்ஸும், சி டிரைவில் நீங்களே உருவாக்கிய ஃபோல்டர்களும் அதில் வராது. அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் பிஎஸ்டி ஃபைல் இருந்தால் தனியாகப் பாருங்கள்.

பிட்லாக்கரை அப்படியே பூட்டி அனுப்புங்கள். சஸ்பெண்ட் (தற்காலிக நிறுத்தம்) செய்தால் டிரைவைத் திறக்கும் சாவி பூட்டில்லாமல் அதே டிரைவில் எழுதப்படும். யார் கையில் டிரைவ் இருக்கிறதோ அவர் படிக்கலாம். லேப்டாப் உங்கள் கையிலேயே இருக்கும் பயாஸ் அப்டேட் நேரத்துக்குத்தான் அது சரி. பூட்டி அனுப்பினால், போர்டோடு பிட்லாக்கர் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்பும் மாறிவிடுவதால், திரும்பி வந்ததும் ரெகவரி கீ (டிரைவைத் திறக்கும் மாற்று எண்) கேட்கும். அது கோளாறு இல்லை.

ஆகவே அந்தக் கீ கைவசம் இருக்கணும். ஆபீஸ் கணக்கின் மை அக்கவுண்ட் பக்கத்தில் டிவைசஸ், அதில் வியூ பிட்லாக்கர் கீஸ். அது தெரியவில்லை என்றால் ஐடி டீமிடம் கேளுங்கள். மொத்தம் 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. கையால் எழுதினால் ஒவ்வொரு தொகுதியையும் 11 ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி வந்தால் அந்தத் தொகுதியில் ஏதோ தப்பாக எழுதியிருக்கிறீர்கள்.

கேட்டவர்:
நன்றி. ஐடி டீம் இன்றைக்கே, ஆபீஸ் கணக்குகளும் டிவைஸ்களும் பதிவாகியிருக்கும் என்ட்ராவிலிருந்து இந்த டிவைஸை அழிக்கப் போகிறார்களாம். பரவாயில்லையா?

பதில் 2:
உடனே நிறுத்தச் சொல்லுங்கள். என்ட்ராவில் டிவைஸை அழித்தால் அதோடு சேமித்திருக்கும் பிட்லாக்கர் கீயும் போய்விடும். முதலில் கீயை வெளியே எடுத்து வைக்கணும். அதன் பிறகு ஆட்டோபைலட் பதிவை நீக்கலாம். அதை நீக்கத்தான் வேண்டும், ஏனென்றால் புது போர்டு வந்தால் ஹார்ட்வேர் ஹேஷ் (லேப்டாப்பை அடையாளம் காட்டும் குறியீடு) மாறிவிடும். திரும்பியதும் புது ஹேஷை எடுத்து மறுபடி பதியணும். விண்டோஸுக்குள் நுழையும் பழைய பின் (PIN) எண்ணும் அப்போது வேலை செய்யாது, அது பழைய டிபிஎம்மோடு கட்டப்பட்டது.

பயாஸ் பாஸ்வேர்டு இருந்தால் ஐடி டீமே எடுத்துவிடட்டும். புது போர்டில் சீரியல் எண்ணை எழுதும் வேலை டெக்னீஷியனுடையது. வாங்கும்போதே பயாஸைத் திறந்து, அந்த எண் அடிப்பக்க லேபிளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் அங்கேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

எஸ்எஸ்டி கழற்றக்கூடியதாக இருந்து, ஆபீஸும் சர்வீஸ் சென்டரும் ஒப்புக்கொண்டால், அதைக் கழற்றி ஆபீஸிலேயே வைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட நல்லது. பெரும்பாலும் ஒரே ஒரு திருகுதான். சிம், மெமரி கார்டு, மவுஸ் ரிசீவர் இவற்றையும் எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்:
அழிப்பதை நிறுத்திவிட்டார்கள். மை அக்கவுண்டில் இரண்டு கீ இருக்கிறது. எது சரி?

பதில் 2:
அட்மின் உரிமை உள்ளவர் கமாண்ட் பிராம்ப்டில் மேனேஜ்-பிடிஇ (manage-bde) கட்டளை மூலம் சி டிரைவின் புரொடெக்டர்களை (அதைத் திறக்கும் வழிகளை) பார்க்கட்டும். நியூமெரிக்கல் பாஸ்வேர்டு என்பதன் கீழ் ஒரு ஐடி வரும். அதன் முதல் 8 எழுத்து மை அக்கவுண்டில் எந்தக் கீயின் ஐடியோடு பொருந்துகிறதோ அதுதான். இரண்டும் பொருந்தவில்லை என்றால், இப்போதைய கீ என்ட்ராவுக்கு ஏறவே இல்லை. சார்ஜ் இருக்கும்போதே கன்ட்ரோல் பேனலின் பிட்லாக்கர் பக்கத்தில் ரெகவரி கீயை பேக்கப் எடுத்துவிடுங்கள்.