சாட்டஹூச்சி ஆத்துப் பாட்டு

அண்ணாச்சிமாருக்கும் மைனிமாருக்கும் வணக்கம். எல்லாரும் நல்லா இருக்கீங்களா?

போன சனிக்கிழமை இங்க அட்லாண்டால பையனக் கூட்டிட்டு சாட்டஹூச்சி ஆத்துக்குப் போயிருந்தேன், காத்தடிச்ச டியூப்ல உக்காந்துட்டு ஆத்தோட போக்குல அப்படியே மிதந்து வரணும், ஜூலை வெயில் மண்டையப் பொளக்குது ஆனா தண்ணில கால வச்சா வெடவெடன்னு வருது, ஏன்னா மேல பியூஃபோர்ட் டேம்ல லேனியர் ஏரியோட அடித்தண்ணியத்தான் தெறந்து விடுறாங்க. திரும்பும்போது கார்ல, கன்ட்ரின்னு சொல்ற அமெரிக்க கிராமத்துப் பாணிப் பாட்டு பாடுற ஆலன் ஜாக்சனோட 'சாட்டஹூச்சி'யப் போட்டேன். எத்தன தடவ கேட்டாலும் அலுக்கல.

கேக்காதவங்களுக்காகச் சொல்றேன். அவர் பொறந்தது நியூனன், அட்லாண்டாவுக்குத் தென்மேற்க இருக்கு. ஜிம் மெக்பிரைடும் அவரும் சேந்து எழுதுன பாட்டு, 1993ல அமெரிக்காவோட கன்ட்ரி பாட்டு வரிசையில முதல் இடத்துக்கு வந்துச்சு. வீடியோல கிழிஞ்ச ஜீன்ஸும் தொப்பியுமா தண்ணில சறுக்கிட்டு வருவாரு. பாட்டுல இருக்கதெல்லாம் வெயிலு, கலங்கத் தண்ணி, வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டாளிகளோட கரையில உக்காந்து காரப் பத்திப் பேசுனது, பொண்ணுங்களப் பத்திக் கனவு கண்டது, அவ்ளோதான். ஒரு எடத்துல கூட வந்த பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு தெரிஞ்சதும் பர்கரும் திராட்ச ஐஸும் போதும்னு இருந்துட்டு, அவள சீக்கிரமே வீட்டுல எறக்கி விட்டுடுறான், ஆனா இவன் மட்டும் வீட்டுக்குப் போகல. எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் அதுதான். பழச நெனச்சுப் பாடுனா இழுத்து இழுத்து அழணும்னு இல்ல, இந்தப் பாட்டு பிடிலும் கிட்டாருமா துள்ளிட்டுப் போகுது, அந்த வயசு எப்படி இருந்துச்சோ அப்படியே.

அதே 1993 மே லீவுல நான் எட்டாங்கிளாஸ் முடிச்சிட்டு நம்ம தாமிரபரணியிலதான் கெடந்தேன். முதுகுல சுரைக்குடுக்கையக் கட்டிட்டு நீச்சல் பழகுனது, மதியம் படித்துறைக் கல்லு சுட்டா ஈரத்துண்ட விரிச்சு அது மேல உக்காந்தது எல்லாம் அந்த லீவுலதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து லைப்ரரிக்குப் போனேன்னு சொன்னா ஆச்சி ஒண்ணும் பேச மாட்டா, கையப் புடிச்சு முழங்கைக்குக் கீழ நகத்தால ஒரு கீறு கீறுவா. வெள்ளைக் கோடு விழுந்துச்சுன்னா ஆத்துல கெடந்தது தெரிஞ்சுடும், அன்னிக்குப் பூசைதான்.

சனிக்கிழமை சிக்னல்ல நிக்கும்போது பையன் கையில கீறிப் பாத்தேன், பளிச்சுன்னு வெள்ளையா விழுந்துச்சு. என்னப்பா இதுன்னான், வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஆச்சி கதைதான் சொல்லிட்டு வந்தேன்.

நம்ம ஆத்துக்கும் இப்படி ஒரு பாட்டு வேணும், நம்ம படித்துறை பேரு, நம்ம மருதமரம், நாம தின்ன மாங்கா, நாம வாங்குன அடி எல்லாம் அதுல வரணும். எனக்கு ராகம் போட வராது. சிங்கப்பூர்ல, துபாய்ல இருக்கவங்க, பாம்பே ஆளுங்க, யாருக்கு என்ன ஞாபகம் இருக்கோ ரெண்டு வரியாச்சும் எழுதுங்க. கல்மண்டபத்து மேல இருந்து வெள்ளத்துல குதிச்ச அண்ணன்மாரும் இந்தக் குழுவுலதான் இருக்கீங்க, உங்ககிட்ட இருந்து மொதல்ல வரணும்.